பகலில் இருக்கை, இரவில் கட்டில்: உங்கள் வேனுக்கு எது பொருந்தும்?

ரயிலில் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில் ஓர் இரவு படுத்தவருக்கு வேன் கட்டிலைப் பற்றிப் பாதி தெரிந்துவிட்டது என்பேன். பகலில் எதிரெதிரே இரண்டு இருக்கைகள். இரவில் இரண்டின் சாய்மானத்தையும் கீழே மடக்கினால் ஒரே படுக்கை. இடத்தை இவ்வளவு அழகாக மிச்சப்படுத்தும் யோசனை வேறு இல்லை. ஆனால் இரண்டு திண்டுகளும் சேருகிற வெட்டு சரியாக இடுப்புக்கு அடியில் வருகிறது. விழுப்புரம் தாண்டும்போது தொடங்குகிற வலி காலையில் இறங்கும்வரை விடாது.

வேனை வீடாக்க ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்பவர்கள் பலரும் தடுமாறி நிற்பது கட்டிலில்தான். சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, பேட்டரி எல்லாவற்றையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். கட்டில் அப்படியில்லை. நானும் மனைவியும் மகளும் பயணம் போகும் பழைய டிராவலர் வேனில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உள்ள இடம் 3.1 மீட்டர் நீளம், 1.68 மீட்டர் அகலம்; அதாவது 5.2 சதுர மீட்டர். இருவர் படுக்கும் கட்டில் 1.85 க்கு 1.25 மீட்டர் என்றால் அதற்கே 2.3 சதுர மீட்டர் போய்விடும். பகலில் அந்த இடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் மடிப்பும் இழுப்பும் தேவைப்படுகின்றன.

ஐந்து ஆண்டுகளில் இரண்டு வகைக் கட்டில்களை நானே செய்து பயன்படுத்தினேன். மற்றவற்றை நண்பர்களின் வண்டிகளில் படுத்துப் பார்த்தேன். அந்த அனுபவத்தை வைத்தே எழுதுகிறேன்.

எதை வைத்து எடை போடுவது?

முதலில் உடம்பின் அளவு. படுக்கும் நீளம் உங்கள் உயரத்தைவிடப் பத்து சென்டிமீட்டராவது கூட இருக்க வேண்டும். அகலம் ஒருவருக்கு 70, இருவருக்கு 120 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஐரோப்பாவில் வேன் வீடுகளுக்குப் பெயர்பெற்ற ஃபியட் டுகாட்டோவின் உள் அகலம் 1.87 மீட்டர்; அங்கே பலர் வண்டியின் குறுக்கே படுக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்து நம் வேனுக்குத் திட்டம் போட்டால் ஏமாற்றம்தான். மாருதி ஈகோவின் வெளி அகலமே 1.475 மீட்டர். எங்கள் டிராவலரிலும் உட்புறம் பிளைவுட் அடித்த பிறகு ஐந்தடி ஏழு அங்குலம் உள்ளவர் குறுக்கே கால் நீட்ட முடியாது. நமக்கு நீளவாக்கில் படுப்பதே வழி.

இரண்டாவது, உட்கார்ந்த நிலையில் தலைக்கு மேல் எவ்வளவு இடம் என்பது. கட்டில் மேல் நிமிர்ந்து உட்கார, மெத்தையின் மேற்பரப்பிலிருந்து கூரைவரை 95 சென்டிமீட்டர் வேண்டும். கட்டிலுக்கு அடியில் நிறைய சாமான் வைக்கலாம் என்று உயர்த்திக்கொண்டே போனால் இதை இழப்பீர்கள். இருக்கையாகவும் பயன்படுவதானால் மெத்தையோடு சேர்த்து 45 சென்டிமீட்டர் உயரம் நல்லது. என் அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. 45 சென்டிமீட்டர் இருக்கையில் துணையின்றி உட்கார்ந்து எழுகிறார், 60 சென்டிமீட்டரில் அவரால் ஏற முடியவில்லை.

மூன்றாவதை மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்: இரவு பத்து மணிக்கு, எட்டு மணி நேரம் வண்டி ஓட்டிய அசதியில், வெளியே மழை பெய்யும்போது, எத்தனை அசைவுகளில் கட்டில் தயாராகிறது? பத்து நாள் பயணம் என்றால் இருபது முறை விரித்தலும் மடித்தலும். மூன்றாம் நாளே அலுத்துப் போகிற கட்டிலை யாரும் மடிப்பதில்லை. விரித்தது விரித்தபடியே கிடக்கும். பிறகு கீல், சேனல், கொண்டி என்று போட்ட செலவும் சுமந்த எடையும் வீண்.

இவற்றோடு எடை, காற்றோட்டம், ஓடும்போது எழும் சத்தம், பழுதானால் ஊர்ப்புற வெல்டிங் பட்டறையில் சரிசெய்ய முடியுமா என்பது ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

மேசையை இறக்கும் கட்டில்

ரயில் யோசனையின் தம்பி இது. எதிரெதிரே இரண்டு பெஞ்சு, நடுவில் மேசை. இரவில் மேசையின் காலைக் கழற்றி, பலகையைப் பெஞ்சுகளின் ஓரத்தில் அடித்த ரீப்பர் மேல் இறக்கி, சாய்வுத் திண்டுகளை அதன்மேல் பரப்பினால் கட்டில். முதலில் நாங்கள் செய்தது இதைத்தான். மேசைக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். இரு முனையும் தாங்கலில் உட்காருவதால் உடம்பின் எடையைத் தாங்கும்.

பகலில் இதற்கு ஈடான ஏற்பாடு வேறில்லை என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். வால்பாறையில் இரண்டு நாள் விடாத மழை. மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம், மகள் படம் வரைந்தாள், நான் வேலை பார்த்தேன். வேன் உண்மையிலேயே வீடாக இருந்தது.

இரவில்தான் சிக்கல். மேசை மேல் எப்போதும் ஏதாவது இருக்கும்: தட்டு, கணினி, வண்ணப் பென்சில், பாதி உரித்த ஆரஞ்சு. அவற்றுக்கு வேறு இடம் கண்டுபிடித்த பிறகே கட்டில் வேலை தொடங்கும். காலைக் கழற்று, பலகையை இறக்கு, ஐந்து திண்டுகளைச் சரியான வரிசையில் அடுக்கு, விரிப்பைப் போடு. கை பழகிய பிறகும் எட்டு நிமிடத்துக்குக் குறையவில்லை. ஒருவர் தூங்க வேண்டும், இன்னொருவர் விழித்திருந்து படிக்க வேண்டும் என்றால் வழியே இல்லை. மகளுக்குக் காய்ச்சல் வந்த அன்று மதியம் இதன் குறை முழுதாகத் தெரிந்தது. அவள் படுக்க மேசையை இறக்கினோம். இறக்கிய பிறகு நாங்கள் இருவரும் நிற்க மட்டுமே இடம் இருந்தது.

திண்டுகளின் வெட்டு இங்கே படுக்கையின் குறுக்கே ஓடுகிறது. தோளுக்குக் கீழே ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று. மேலே இரண்டு அங்குல மெத்தை ஒன்றைக் கூடுதலாகப் போட்டால் தெரியாது. ஆனால் பகலில் அந்த மெத்தையை எங்கே வைப்பது? இந்த வகையின் மறைமுகச் செலவு அதுதான்.

பள்ளி வயதுக் குழந்தைகள் உள்ள குடும்பமா, வேனிலேயே மடிக்கணினி வேலை பார்ப்பவரா, ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் தங்குபவரா, இதை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் ஊர் மாறுகிறவர்கள் தவிர்க்கலாம்.

சீப்புக் கட்டில்

இரண்டு சீப்புகளைப் பல்லோடு பல் கோத்ததுபோல மரக் கீற்றுகள். ஒரு வரிசை சுவரோரச் சட்டத்தில் அசையாமல் நிற்கும். மறுவரிசை முன்சட்டத்தில் பொருத்தப்பட்டு, சட்டத்தோடும் அதன் கால்களோடும் வெளியே வரும். மூடியிருந்தால் நீளமான இருக்கை, இழுத்தால் இருவர் கட்டில். இப்போது எங்கள் வண்டியில் இருப்பது இது. செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று அளவுகளையும் தருகிறேன்.

மூடிய அகலம் 70, திறந்த அகலம் 125 சென்டிமீட்டர். கீற்று ஒவ்வொன்றும் 70 சென்டிமீட்டர் நீளம் என்பதால் முழுதாக இழுத்த பிறகும் 15 சென்டிமீட்டர் ஒன்றோடொன்று கோத்து நிற்கும். அதற்கும் குறைந்தால் நடுவில் தொய்யும். கீற்றின் அகலம் 6 சென்டிமீட்டர், தடிமன் 18 மில்லிமீட்டர். 185 சென்டிமீட்டர் நீளத்துக்கு வரிசைக்கு 14 வீதம் 28 கீற்றுகள். சட்டத்துக்கு ஒரு அங்குல ஸ்கொயர் பைப், 1.6 மில்லிமீட்டர் கனம். மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோ. பத்து மீட்டர் குழாய், கீற்றுகள், நான்கு அங்குல மெத்தை எல்லாம் சேர்த்து 35 கிலோவுக்குச் சற்று மேலே வந்தது.

மெத்தையை இரண்டாக வெட்டுவதில்தான் இதன் நயம் இருக்கிறது. 60 சென்டிமீட்டர் துண்டு இருக்கை. 65 சென்டிமீட்டர் துண்டு சுவரில் சாய்ந்து நிற்கும் முதுகுத் திண்டு. இரவில் சட்டத்தை இழுத்து, இருக்கைத் துண்டை முன்னால் நகர்த்தி, முதுகுத் திண்டைப் பின்னால் படுக்க வைத்தால் முடிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகாது. வெட்டு நீளவாக்கில், படுத்திருக்கும் இருவருக்கும் நடுவே ஓடுகிறது. யார் முதுகையும் தொடுவதில்லை. இழுக்காமலே ஒருவர் அதில் மதியத் தூக்கம் போடலாம். அப்போதும் மற்றவர்களுக்கு நடக்க வழி இருக்கும்.

கீற்றுகளின் இடைவெளியால் மெத்தையின் அடியில் காற்று ஓடுகிறது. இதைச் சிறிய விஷயமாக நினைக்க வேண்டாம். ஊட்டி, மூணாறு குளிரில் மூடிய வேனுக்குள் மூன்று பேர் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த பரப்புகளில் படிகிறது. முழுப் பலகை மேல் கிடக்கும் மெத்தையின் அடிப்பக்கத்தை நான்கு நாள் கழித்துப் புரட்டிப் பாருங்கள். பூஞ்சணத்தின் கரும்புள்ளி தெரியும். முந்தைய கட்டிலில் எங்கள் திண்டுகள் அப்படித்தான் கெட்டன.

இதன் குறை, வேலைப்பாட்டில் துல்லியம் கேட்பது. முதலில் ரப்பர் மர ரீப்பரில், கீற்றுகளுக்கு இடையே 2 மில்லிமீட்டர் மட்டும் விட்டுச் செய்தேன். ஜூலை ஈரத்தில் மரம் உப்பிக் கோத்துக்கொண்டது. இருவர் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. அன்றிரவு பாதிக் கட்டிலில் மகளைப் படுக்க வைத்துவிட்டு நாங்கள் முன் இருக்கைகளில் உட்கார்ந்தபடியே தூங்கினோம். ஊர் திரும்பியதும் கடல்நீர் தாங்கும் மரைன் பிளைவுட்டில் மறுபடி வெட்டி, 4 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ஓரங்களுக்கு வார்னிஷ் அடித்தேன். அதன்பின் சிக்கியதில்லை. மென்மையான மெத்தையும் இதற்கு ஆகாது, 6 சென்டிமீட்டர் இடைவெளிகளில் அமுங்கிவிடும். 40 அடர்த்தி ஃபோம், நான்கு அங்குலம் வேண்டும்.

சேனலில் முழுப் பலகையை இழுப்பறைபோல இழுக்கும் வகையும் உண்டு. கனமான சேனல் விலை அதிகம், புழுதி ஏறினால் கரகரக்கும், வண்டி ஒருபக்கம் சாய்ந்து நின்றால் தானாக ஓடும். சீப்பே மேல்.

இருக்கையே மடிந்து கட்டிலாவது

வீட்டு சோபா கம் பெட் போல, முதுகைத் தள்ளினால் இருக்கை முன்னால் நகர்ந்து தட்டையாகும் இரும்புப் பொறி. ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951 முதல் ஃபோக்ஸ்வாகன் வேன்களுக்குப் படுக்கை வசதி செய்துகொடுத்து இந்தப் பண்பாட்டையே வளர்த்தது. அந்த வழிவந்த வண்டிகளின் அடையாளம் போலவே ஆகிவிட்டது மடி இருக்கை.

இதன் பெரிய சிறப்பு: வண்டி ஓடும்போது முன்பார்த்து, பெல்ட் போட்டு உட்காரலாம் என்பது. பெரிய ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. உள்ளூரில் பொறியை மட்டும் செய்து, பிளைவுட் பெட்டியில் பெல்ட்டைத் திருகி வைத்திருக்கும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். கணக்குப் போடுங்கள்: 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி 60 சென்டிமீட்டருக்குள் நின்றால், 60 கிலோ எடையுள்ளவர் ஏறத்தாழ ஒரு டன் விசையோடு பெல்ட்டை இழுக்கிறார். பிளைவுட்டும் மரத்திருகும் அதைத் தாங்கா. சோதித்துச் சான்று பெற்ற இருக்கையை வாங்கி, வண்டியின் சேசிஸ் அமைப்போடு முறைப்படி பொருத்தினால் மட்டுமே அதில் குழந்தையை உட்கார வைத்துப் பயணம் செய்யுங்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

படுக்க எப்படி? சுமார்தான். உட்காருவதற்காக வளைத்த திண்டில் முதுகு சமமாகப் படிவதில்லை. அடியில் பொறி இருப்பதால் சாமான் வைக்கும் இடமும் குறைவு. வேனையே வார நாட்களில் குடும்ப வண்டியாகவும் ஓட்டுபவர்களுக்கு இது பொருந்தும்.

சுவரோடு மடிவது

ரயிலின் நடுப்படுக்கை பகலில் சாய்மானமாகத் தொங்குகிறதே, அதே முறை. சுவரில் நீளமான பியானோ கீல், மறுபக்கம் சங்கிலி அல்லது மடியும் கால். மடித்தால் ஓரடிகூட வெளியே நீட்டாது. சைக்கிள் ஏற்றுபவர்கள், சந்தைக்குச் சரக்கு கொண்டுபோகிறவர்கள், தனியாகப் பயணம் செய்யும் புகைப்படக்காரர்கள் ஆகியோருக்கு நான் இதையே சொல்வேன். தரை முழுவதும் காலியாகக் கிடைக்கிறது.

ஆனால் மடித்த பலகை ஜன்னலை மறைக்கும். நம் ஊர் வெயிலில் எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டும் திறந்திருக்க வேண்டும். ஒன்று அடைபட்டால் பகலில் வேனுக்குள் இருப்பது கடினம். கீலை உள் பிளைவுட்டில் அடிக்காமல் வண்டிச் சுவரின் இரும்பு விலா எலும்புகளில் ரிவெட் நட் (தகடில் துளையிட்டுப் பதிக்கும், போல்ட்டைப் பிடிக்கும் மறை) வைத்துப் பொருத்த வேண்டும். கொண்டி கட்டாயம் இரண்டு, இடையில் ரப்பர். ஒற்றைக் கொண்டி போட்ட நண்பரின் வண்டியில், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறுவதற்குள் பலகை அவிழ்ந்து விழுந்தது. நல்லவேளை, பின்னால் யாரும் இல்லை.

கூரைக்கு ஏறுவது

பெல்ட்டும் கப்பியும், அல்லது மோட்டாரும் கொண்டு கட்டிலைப் பகலில் கூரைவரை உயர்த்திவிட்டு, இரவில் இறக்கிக்கொள்வது. விரிப்பைக் கலைக்கவே வேண்டாம். கேட்க இனிக்கும். ஆனால் நாற்பது ஐம்பது கிலோவைத் தலைக்கு மேல் வைத்து மலையேறுவதும், பகல் முழுக்கக் காய்ந்த தகரக் கூரையை ஒட்டியிருந்து சூடேறிய மெத்தையில் இரவில் படுப்பதும் எனக்குச் சம்மதமில்லை. உள்ளே நின்று நடக்கும் உயரமும், நன்றாக வெப்பத்தடுப்பு செய்த கூரையும் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

ஒரு பார்வையில்

| | மேசைக் கட்டில் | சீப்புக் கட்டில் | மடி இருக்கை | சுவர்க் கட்டில் | கூரைக் கட்டில் |
|---|---|---|---|---|---|
| விரிக்கும் நேரம் | 8 நிமிடம் | 1 நிமிடத்துக்குள் | 2–3 நிமிடம் | 1 நிமிடம் | 1 நிமிடம் |
| மெத்தை வெட்டு | குறுக்கே | நீளவாக்கில் | குறுக்கே | இல்லை | இல்லை |
| அடியில் சாமான் | நிறைய | நிறைய | குறைவு | இல்லை | இல்லை |
| அடிக்காற்று | துளையிட்டால் உண்டு | நன்று | சுமார் | நன்று | நன்று |
| பட்டறையில் பழுது | எளிது | எளிது | கடினம் | எளிது | கடினம் |
| யாருக்கு | குடும்பம், வேலை | தம்பதி, தினமும் நகர்பவர் | ஒரே வண்டி உள்ளவர் | தனியாள், சரக்கு | உயரமான வண்டி |

எந்த வகையானாலும் வரும் செலவுகள்

மெத்தையின் உறையை ரெக்சினில் தைக்காதீர்கள், வியர்வையில் ஒட்டும். கனமான பருத்தித் துணியில் ஜிப் வைத்துத் தைத்தால் கழற்றித் துவைக்கலாம். இலவம்பஞ்சு மெத்தை உடம்புக்கு இதமானது, எனக்கும் அதுவே பிடிக்கும். ஆனால் திண்டாக நிமிர்ந்து நிற்காது, மடிக்க மடிக்கக் கட்டி தட்டும், மலை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நிலையான கட்டிலுக்கு மட்டும் சரி.

இருக்கைகளைக் கழற்றுவதற்கு முன் ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கையைப் பாருங்கள். தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. மரவேலை முடிந்தபிறகு அனுமதிக்கு ஓடினால் அலைச்சல் இரட்டிப்பாகும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் கேள்வி எழும். முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். இருவர் மட்டும், பகலெல்லாம் வெளியே சுற்றிவிட்டு வேனுக்குத் தூங்க மட்டும் வருபவர்கள் என்றால் உங்களுக்கு மடிப்பே வேண்டாம். நிலையான கட்டிலைப் போட்டு, அடியில் முழுக்கச் சாமானை வையுங்கள். எடையும் குறையும், சத்தமும் இருக்காது.

மரம் வெட்டும் முன்

வீட்டுக் கூடத்தில் வேனின் உள் அளவைச் சாக்பீஸால் வரையுங்கள். சக்கர மேடுகளையும் கதவையும் குறியுங்கள். அட்டைப் பெட்டிகளையும் நாற்காலிகளையும் வைத்து நீங்கள் தேர்ந்த கட்டிலை அமைத்து, குடும்பத்தோடு மூன்று இரவுகள் அந்தக் கோட்டுக்குள்ளேயே படுத்து, காலையில் மடித்து, அங்கேயே காபி குடியுங்கள். நடுராத்திரியில் ஒருவர் கழிப்பறைக்கு எழும்போது எத்தனை பேரை எழுப்ப வேண்டியிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். எங்கள் மேசைக் கட்டிலில் அம்மா சுவரோரம் படுத்திருந்த அந்த ஒரு பயணத்தில் விடை மூன்று. எங்களை எழுப்பத் தயங்கி அவர் மாலை ஐந்து மணிக்குமேல் தண்ணீரே குடிக்கவில்லை என்பது ஊர் திரும்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்த வாரமே அந்தக் கட்டிலைப் பிரித்துவிட்டேன்.